உங்கள் முதுகைப் பற்றி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பாசம் பாதி, கோபம் பாதியாக எழுதுகிறேன். இங்கே நானும் மகளும் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். இந்த முறை நான் நம்பவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, பாத்துக்கலாம்மா" என்று வைத்துவிடுவீர்கள். கடிதமென்றால் மடித்து வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பீர்கள்.

மகள் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். அவள் சொல்வதுதான். குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அறையில் தங்கியிருக்கும் வெல்டிங்காரத் தம்பி, நீங்கள் சட்டையில்லாமல் துணி துவைப்பதைப் படமெடுத்து, "அண்ணி, அண்ணன் என்னமா துவைக்கிறாரு பாருங்க" என்று அனுப்பியிருந்தார். நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு படத்தைப் பெரிதாக்கி உங்கள் முதுகு மச்சத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

அந்த மச்சம் எனக்குத் தெரியாததா? கல்யாணமான புதிதில், அந்த ஒற்றை அறை வீட்டுக்கு, நாளெல்லாம் கூரைத் தகடு பொருத்திவிட்டு வெயிலில் வெந்துபோய் வருவீர்கள். நான் முதுகு தேய்த்துவிடுவேன். இடது தோளுக்குக் கீழே மிளகு ஒட்டினாற்போல் இருந்தது. அழுக்கென்று நினைத்து முதல் நாள் நகத்தால் சுரண்டினேன். "அது பொறக்கும்போதே வந்தது, சோப்பை வீணாக்காதே" என்றீர்கள். தண்ணீர் ஆறும்வரை சிரித்தோம். இருந்தது ஒரே வாளி, ஒரே துண்டு. அந்த நாட்களை நினைத்தால் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

பிறகு அது அரிக்க ஆரம்பித்தபோது, கருவிப் பையின் வார் உரசுகிறது என்று இரண்டு பேருமே முடிவு கட்டினோம். பழைய போர்வையைக் கிழித்து வாருக்கு மெத்தை தைத்துக் கொடுத்தேன். நீங்களும் அதை வேலையிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்தீர்கள்.

தம்பியைப் போனில் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்டேன். மழைக்காலத்திலிருந்தே பையை வலது தோளுக்கு மாற்றிவிட்டீர்களாம். ஆனாலும் சட்டையில் ரத்தப்பொட்டு விழுகிறதாம், அதுவும் இடது பக்கம்தான். என்னங்க, வலது தோளில் தொங்குகிற வார் இடது பக்கம் எப்படி உரசும்?

மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றில் முதுகு தெரிய நிற்பீர்களே, அந்தப் பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன். இரண்டையும் பார்த்தார். "முன்ன வட்டமா, ஒரே நிறமா இருந்திருக்கு. இப்ப ஒரு பக்கம் பெருசாகி, ஓரமெல்லாம் பிசிறா, ரெண்டு மூணு நிறமா தெரியுது. ரத்தமும் வருதுன்னா தள்ளிப்போடக் கூடாதும்மா" என்றார். புற்றுநோயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "இருக்கலாம், இல்லாமலும் போகலாம். படத்தை வெச்சு சொல்ல முடியாது. வெட்டி எடுத்துப் பரிசோதிக்கணும். ஆரம்பத்துலயே பிடிச்சா பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும்."

வீட்டுக்கு வந்ததும் மகளும் நானும் நல்ல வெளிச்சத்தில் ஒருவரையொருவர் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை பார்த்துக்கொண்டோம். காதுக்குப் பின்னால், விரலிடுக்கு, முதுகு, ஒன்றையும் விடவில்லை. கூசுகிறது என்று அவள் துள்ளினாள். எங்களுக்கு ஒன்றுமில்லை. உங்கள் முதுகைப் பார்க்க அங்கே யாருமில்லையே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

ஒப்பந்தம் முடியட்டும் என்பீர்கள். வேண்டாம். தம்பி கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடிதம் கிடைத்த மறுநாளே அங்கே தோல் டாக்டரிடம் போங்கள். பயமாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அந்த முதுகை நீங்கள் ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் பார்த்தவளும் தேய்த்தவளும் அதில் சாய்ந்து தூங்கியவளும் நான்தான். அது என்னுடையது. நீங்கள் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அதைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

வாசலையே பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி