தம்பியின் ஓட்டை அட்டைகள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே காற்று. காயப்போட்ட போர்வை பக்கத்து மாடியில். முழங்கால் வலி.

கோவை மியூசியத்திலிருந்து போன். தம்பிக்குக் கண்காட்சி வைக்கிறார்களாம். வானத்து நட்சத்திரக் கணக்கை முதன்முதலில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவர்களில் அவனும் ஒருத்தனாம். இருந்தபோது ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. போய் மூன்று வருஷம்.

"அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அட்டையில ஓட்டை போட்டுத்தானுங்க கணக்குக் குடுக்கறது. அவரு கணக்கெல்லாம் அந்த அட்டையிலதான் இருந்துதுங்க. அந்தப் பொட்டிய உங்க ஊட்லதான் குடுத்து வெச்சாராமா. இருக்குதுங்களா?"

"தேடிப் பாத்துச் சொல்றேன் கண்ணு" என்றேன். என்னத்தைத் தேட.

ஜூலை 9, புதன்

வாங்க: கோதுமை மாவு, தைலம், குழாய்க்கு வாஷர்.

உண்மையை இந்த நோட்டில் மட்டுமாவது எழுதிவிடுகிறேன். தம்பி பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போன வருஷம், ஆடியில் எங்கள் பனியன் கம்பெனிக்குக் கல்கத்தா ஆர்டர். லாரி வாசலில். பனியன் மடிப்புக்குள் வைக்கும் அட்டை தீர்ந்துபோனது. பரணில் இருந்த தம்பி பெட்டியை நான்தான் திறந்தேன். ஓட்டை விழுந்த அட்டை, இனி யாருக்கு ஆகும் என்று நினைத்தேன். சைஸ் முத்திரை குத்தி, பனியனுக்குள் வைத்து, அத்தனையும் அனுப்பியாயிற்று.

தீபாவளிக்கு வந்தவன் கேட்டான். "அக்கா, அந்தப் பொட்டி இருக்குதுங்களா?"

"பத்திரமா இருக்குது கண்ணு."

"செரிங்க்கா."

அப்புறம் சாகிறவரை கேட்கவில்லை. மறந்துவிட்டான் என்று நிம்மதியாக இருந்தேன். பாவி நான்.

ஜூலை 12, சனி

மகன் காரில் கோவை. நேரில் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு. அவிநாசி தாண்டியதும் ஏசியை நிறுத்தச் சொன்னேன்.

தம்பி போட்டோ ஆள் உயரத்துக்கு. அவன் மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு ஓட்டை அட்டை. ஓரத்தில் ஊதா மையில் 80. எட்டின் தலை உடைந்திருந்தது. எங்கள் கம்பெனி முத்திரை.

போனில் பேசிய பெண்தான் நின்றாள். "இது ஒண்ணுதானுங்க கெடச்சுது. அவரு டைரிக்குள்ள வெச்சிருந்தாரு. 80னா எந்த நட்சத்திரம்னு தெரியலீங்க. பின்னாடி, 'கல்கத்தா, புரட்டாசி'ன்னு எழுதியிருக்காரு."

"நட்சத்திரமில்ல கண்ணு. பனியன் சைஸ்."

அவளுக்குப் புரியவில்லை. தம்பி ஒல்லி, எப்போதும் 80தான். எந்த ஊருக்குப் போனாலும் கடையில் நம் பனியனைக் கேட்டு வாங்குவான்.

கல்கத்தாவில் வாங்கிய பனியனுக்குள் அவன் அட்டையே இருந்திருக்கிறது. புரட்டாசியிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐப்பசியில் வந்துதான் கேட்டான். நான் பொய் சொன்னேன். செரிங்க்கா என்றுவிட்டு, இன்னும் இரண்டு முறுக்கு வைக்கச் சொன்னான்.