கீழ்த்தெருவுக்கு வரும் தண்ணீர்

ஆல்ட்மியர், யார்க்‌ஷயர்
4 மார்ச் 2019

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? ஸ்கார்பரோவின் கடல்காற்று ஒத்துக்கொள்கிறதா? ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஆற்றோரப் புல்வெளியில் வீடுகள் கட்ட நகராட்சி அனுமதி மறுத்ததல்லவா, அந்தக் கட்டுமான நிறுவனம் மேல்முறையீடு செய்துவிட்டது. அரசு ஆய்வாளர் ஒருவர் வந்து முடிவு சொல்வாராம்.

அந்தப் புல்வெளியின் சொந்தக்காரர் டெஸ்மண்ட் பைக் என்னைத் தபால் நிலையத்தில் நிறுத்தி, "என்ன எனிட், நீங்கதான் வித்துட்டுப் போகப்போறீங்களே, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடப்போகிறேன், உண்மைதான். ஆனால் ஆறு பொங்கும்போது பாதி வெள்ளத்தை வாங்கிக்கொள்வது அந்தப் புல்வெளிதான். அதை மூடிவிட்டால் எங்கள் கீழ்த்தெரு என்ன ஆகும்? நீ கட்டட அனுமதி கொடுக்கும் திட்டப் பிரிவில் வேலை பார்த்தவள். என் ஆட்சேபணையை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்.

உன் எனிட்

*

ஸ்கார்பரோ
9 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

கோபித்துக்கொள்ளாதே, பாதியை அடித்துவிட்டேன். ஜன்னல் காட்சி மறையும், வீட்டு விலை இறங்கும், பைக் பேராசைக்காரர் என்பதையெல்லாம் ஆய்வாளர் கணக்கில் எடுக்க முடியாது. நகராட்சி எதைச் சொல்லி மறுத்ததோ, அதையே பிடித்துக்கொள். வெள்ளம். மேல்முறையீட்டு எண்ணை மேலே எழுது. கெடு தாண்டினால் படிக்கக்கூட மாட்டார்கள். தெரு முழுக்க ஒரே கடிதத்தை நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டால் ஒருவர் எழுதியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவரவர் பட்டதை அவரவர் எழுதட்டும்.

நீ உன் வீட்டை எழுது. போன வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் நுழைந்தது, எதுவரை ஏறியது என்று எழுதிப் படங்களை இணை.

அன்புடன், மியூரியல்

*

ஆல்ட்மியர்
22 ஜூலை

அக்கா,

ஜெயித்துவிட்டோம். மேல்முறையீடு தள்ளுபடி. ஆய்வாளர் என் சமையலறைச் சுவரில் இருக்கும் வெள்ளக் கறையை வெகுநேரம் பார்த்தார். தீர்ப்பில் ஒரு பத்தி முழுக்க என் கடிதம்தான்.

மேல்முறையீட்டுக்கு வந்த கடிதங்களை எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போடுகிறார்கள், என்னுடையதும் என் பெயர், முகவரியோடு இருக்கிறது. வீட்டை வாங்குவதாக இருந்த லாக்வுட் தம்பதியும் படித்திருக்கிறார்கள். நானே சொல்ல இருந்தேன், அதற்குள் அந்தப் பெண் ஃபோன் செய்தாள். "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க மேடம். என் வீட்டுக்காரருக்குத் தூக்கமே வரல" என்றாள். அவ்வளவுதான், வேண்டாம் என்றுவிட்டார்கள். அதன்பின் வீடு பார்க்க ஒருவரும் வரவில்லை.

எனிட்

*

ஸ்கார்பரோ
30 அக்டோபர்

எனிட்,

ரொக்கம் கொடுத்து வாங்க ஓர் இளைஞர் வருகிறார், எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்காததை நீயாகப் போய்ச் சொல்லாதே. நம் இருவருக்கும் பார்த்துவைத்த வீட்டை இனியும் பிடித்துவைக்க முடியாது, அதை விற்கும் அம்மாள் நெருக்குகிறாள். வானிலை அறிக்கையும் சரியில்லை. இந்த ஒரு முறை வாயைத் திறக்காமல் இரு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மியூரியல்

*

ஆல்ட்மியர்
6 நவம்பர்

அன்பு அக்கா,

அந்த இளைஞர் மனைவியோடு வந்தார். அவளுக்கு நிறைமாதம். சமையலறையை ஒட்டிய கீழ்ப் பின்னறையை அளந்து பார்த்து, "தொட்டில இங்க போட்டுடலாம், அடுப்புச் சூடு இருக்கும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன் அக்கா. அவள் அந்த அறைச் சுவரில் கை வைத்து, "அம்மாடி, என்ன இது இவ்ளோ ஜில்லுனு இருக்கு?" என்று சிரித்தாள்.

"அங்க போடாதேம்மா. தண்ணி வந்தா முதல்ல அந்த ரூமுக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது அவள் மட்டும் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

உனக்கு என்மேல் ஆத்திரமாக இருக்கும், இருக்கட்டும். எனக்காகக் காத்திருக்காதே. தனியாளுக்குப் போதுமான இடமாகப் பார்த்துக்கொள்.

மூன்று நாளாக மழை விடவில்லை. மாவையும் சர்க்கரையையும் மாடிக்கு ஏற்றிவிட்டேன். இருட்டுவதற்குள் படுக்கையையும் ஏற்ற வேண்டும். புல்வெளியில் வேலிக் கம்பங்களின் தலை மட்டும்தான் தெரிகிறது.

எனிட்