என் பெயரில் வந்த ரிப்போர்ட்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நிஜமாகவே நன்றாக, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே கத்துவாய், அதனால் எழுதுகிறேன், அப்பா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவார், முழுவதும் படி.

நீ அங்கிருந்தே பணம் கட்டிப் பதிவு செய்த மார்பகப் பரிசோதனைக்கு நான் போகவில்லை. என் சீட்டைக் கொடுத்து உன் சித்தியை அனுப்பினேன். இடது பக்கம் ஏதோ தட்டுப்படுகிறது என்று இரண்டு மாதமாக என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். இலவசப் பரிசோதனை முகாமுக்கும் அவள் போகவில்லை. ஒரு நாள் வராவிட்டால் சலவைக் கடையில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள், அதோடு, பாக்கிறது சும்மா பாப்பாங்க, அப்புறம் வைத்தியத்துக்கு யாரு குடுப்பா, தெரியாமலே இருந்துட்டுப் போறேன்க்கா என்பாள். நீ பதிவு செய்தது ஞாயிற்றுக்கிழமை, அதனால் போனாள். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனவளுக்கு, என் வயதைச் சொல்ல மட்டும் மனசு வரவில்லையாம், தன் வயதையே சொல்லியிருக்கிறாள்.

ஆக, உன் போனுக்கு வந்து நீ பார்த்து அழுத ரிப்போர்ட் அவளுடையது. நீ அழுதபோது நான் வாயைத் திறக்காதது தப்பு. ஒரு நிமிடம், அப்பாடா, எனக்கு இல்லை என்றுகூட நினைத்தேன், அதற்காக இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயரை மாற்றச் சொன்னேன். இது என்ன பஸ்ல சீட்டு மாத்தி உக்கார்ற மாதிரியா என்று கவுண்டர் பெண் எல்லார் முன்னாலும் பிடிபிடி என்று பிடித்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். கடைசியில் டாக்டரே வந்து உன் சித்தி பெயரில் புதுச் சீட்டு போட்டார். புதன்கிழமை ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள், விடமாட்டேன். அன்றைக்கு அவள் இடத்தில் அப்பா நின்று இஸ்திரி போடுவார் என்று கடைக்காரரிடம் பேசிவிட்டேன். தன் சட்டையைக்கூடத் தேய்க்காத மனுஷன் இப்போது வீட்டுத் திரைச்சீலை ஒன்று விடாமல் தேய்த்துப் பழகுகிறார்.

அடுத்த மாதம் நானும் போகிறேன், இந்த முறை நானே. நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு. செவ்வாய்க்கிழமை மறக்காமல் சித்திக்கு போன் போடு. செலவைப் பத்தி நீ நெனைக்கவே கூடாது, நான் இருக்கேன் என்று அன்றைக்கு என்னிடம் அழுதுகொண்டே சொன்னாயே, அதை ஒரு வார்த்தை குறையாமல் அவளிடம் சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா