ஆற்றோடு போன புத்தகங்கள்

களக்காடு,
நவம்பர் 1911.

அன்புள்ள அம்மாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பச்சையாற்று வெள்ளத்தில் மிஷன் வண்டி குடைசாய்ந்து, என் வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. மருந்துப் பெட்டியும் சுவிசேஷப் புத்தகங்களும் ஆற்றோடு போயின.

கரையேறி, மிஷன்காரர்களுக்கு ஒருநாளும் திறக்காத ஒரு வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே ஒரு பெண் பிரசவ வேதனையில் அலறினாள். கதவைத் தட்டி, எனக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும் என்றேன்.

அவளுடைய மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புஸ்தகம் எதுவும் கொண்டாந்திருக்கியா?"

"எல்லாம் ஆத்தோட போச்சு."

"அப்பம் உள்ள வா, தாயி."

பிள்ளை கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துப் பிறந்தான். ஒற்றைக் கையால் கொடியை விலக்கி, வாயில் ஊதினேன். அசைவில்லை.

"பிள்ள போயிட்டானா?" என்று மாமியார் கேட்டாள்.

ஊதிக்கொண்டே இருந்தேன். ஒரு விக்கல் வந்தது. பிறகு வீடு அதிர அழுதான். கைவலி மறந்து நான் சிரித்துவிட்டேன், அம்மா. வண்டி கவிழாதிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தை பிறந்ததும் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கே வந்துவிடும்படி எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத இப்போது நேரமில்லை. பிள்ளையைப் பார்க்க என்னை அழைத்துப்போக, அந்த மாமியாரே வந்து மிஷன் வாசலில் நிற்கிறாள்.

கர்த்தருக்குள் உங்கள்
கடைசி மகள்