தோட்டுச் சுரை

அக்கா, இன்று காலை விமானக் கொட்டகையில் அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உங்கள் ஒட்டுமீசை இன்னமும் அதற்குள்தான் கிடக்கிறது. பசை மணம் மூக்கில் ஏறியதும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

ஒரு சினிமாப் படத்தில் கதாநாயகன் ஓட்டுவதாகக் காட்டிய விமானத்தை உண்மையில் ஓட்டியது நீங்கள். ரைன் ஆற்றுப் பாலத்துக்குக் கீழால் தலைகீழாகப் போனீர்களே, அந்த மீசையோடு! கரையில் நின்ற எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இறங்கி வந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "மீசை நேரா நிண்டதோடி?" யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்த ஒரு பெண் இப்படிப் பறப்பாள் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். கண்ணால் கண்டும் பாதிதான் நம்பினேன்.

நான் அப்போது மெக்கானிக் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்துப் புதிதாய் வந்தவள். உங்களுக்குப் பெல்ட் இறுக்கிக் கட்டுவது என் வேலை. அதற்கு முன் இருவரும் சட்டைப்பையில் உள்ளதையெல்லாம் அந்த டின்னில் போட்டுவிடவேண்டும். தலைகீழாய்ப் பறக்கும்போது ஒரு சின்ன ஆணி உருண்டு, விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கின் அடியில் சிக்கினாலும் விமானம் சொல்வழி கேளாது. "ஊசியெண்டாலும் உள்ளுக்கை விழக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்பீர்கள்.

பிறகு அந்தச் சாகசப் பறப்பு இறுதிப் போட்டி. மூன்று வருடம் அதற்காகத் தவம் கிடந்தீர்கள். உங்களுக்குப் பெல்ட் கட்டிவிட்டு விலகி வந்தேன். எஞ்சின் ஓடத் தொடங்கியது, காதைப் பொத்தினேன். இடது தோடு கையோடு வந்தது. பின்னால் பூட்டும் சுரையைக் காணவில்லை. விமானத்துக்குள் குனியும்வரை அது இருந்தது. ஐயோ கடவுளே! சொன்னால் உங்கள் போட்டி போய்விடும், என் வேலையும் போய்விடும். ஒரு கணம், அக்கா, ஒரே ஒரு கணம், பேசாமல் நின்றுவிடுவோமா என்று நினைத்தேன். பிறகு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு உங்கள் கண்ணில் படும்படி ஓடினேன்.

எஞ்சினை நிற்பாட்டினீர்கள். நான் காதைத் தொட்டுக் காட்டினேன். நடுவர்கள் காத்திருக்க ஏலாது என்று உங்கள் பெயரை வெட்டிவிட்டார்கள். அணித் தலைவர் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். நீங்களோ இருக்கையைக் கழற்றச் சொல்லிவிட்டு, எனக்குப் பக்கத்தில் குனிந்து டோர்ச் பிடித்தீர்கள். ஸ்டிக்கின் அடியில், மிளகளவில், மினுங்கிக்கொண்டு கிடந்தது. "உந்தா கிடக்கு, எடு," என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு சுடுசொல் இல்லை. பாலத்துக்குக் கீழால் பறந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

அடுத்த போட்டி வருமுன் வருத்தம் உங்களைப் படுக்கையில் போட்டுவிட்டது. நெஞ்சில் கிடந்து அரித்ததை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கேட்டேன். "அண்டைக்கு நான் வாயைத் திறக்காமல் விட்டிருந்தால் நீங்கள் வெண்டிருப்பியளோ அக்கா?"

"ஓம், வெண்டும் இருப்பன்," என்றீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தீர்கள். "விசரி, வாயைத் திறக்காத ஆளெண்டால் நான் உன்ரை கையாலை பெல்ட் கட்டுவிச்சிருப்பனே?"

நீங்கள் போய்விட்ட பிறகு, இன்று புதிதாக ஒரு விமானி பறக்க வந்திருந்தார். நான் இரண்டு தோட்டையும் கழற்றி உங்கள் மீசைக்குப் பக்கத்தில் வைத்தேன். சுரைகளைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் இருந்தன. பிறகுதான் அவருக்குப் பெல்ட் கட்டப் போனேன்.