இல்லை என்று சொல்லாத கடை

மார்ச் 3
வியாபாரிகள் சங்கத் தலைவர் தேர்தல் சூடு பிடித்துவிட்டது. நேற்றைய கூட்டத்தில், போட்டியிடும் பெயிண்ட் கடைக்காரர் செருப்புகூட இல்லாமல் பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்லி எல்லோரையும் அழவைத்தார். அவர் அப்பாவுக்கு அந்தக் காலத்திலேயே மாடி வீடு. அசல் வறுமை என்னிடம் இருக்கிறது. இத்தனை வருஷமாகக் குடோனில் சும்மா கிடக்கிறது. நானும் நிற்கிறேன்.

மார்ச் 6
ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரிடம் பேச்சு எழுதி வாங்கினேன். முதல் வரியிலேயே 'இன்மை' என்று போட்டிருந்தார்.

"அப்படின்னா?"

"கொடிய வறுமைக்குப் பழைய பேரு. இல்லைங்கிறதுலேர்ந்து வந்தது. கொஞ்சம் குறையுது, பத்தலைங்கிறதெல்லாம் இதுல சேராது. எதைக் கேட்டாலும் இல்லை, அதான் இன்மை."

"சார், அந்த வார்த்தைய என் இரும்புக் கடையில யாரும் வாயில எடுக்கக் கூடாது."

நிஜம்தான். சரக்கு தீர்ந்திருந்தால் 'நாளைக்கு வரும்' என்றுதான் சொல்ல வேண்டும். கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், வாடிக்கையாளர் ஒருவரிடம் 'கதவுக் கீல் இல்லை' என்று சொல்லி நேற்றுத்தான் என்னிடம் டோஸ் வாங்கினாள்.

"அப்ப மேடையில?" என்றார் வாத்தியார்.

மேடை வேறு, கடை வேறு என்றேன்.

மார்ச் 9
அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். 'எங்கள் வீட்டில் சாப்பாடு இல்லை' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"பானை காலியா இருந்தப்பகூட அம்மா நம்மகிட்ட அந்த வார்த்தையச் சொன்னதில்ல. நீ ஓட்டுக்காக மைக்ல சொல்லப்போறியா? சொல்லு, எந்திரிச்சுப் போயிடறேன். அப்புறம் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பெயிண்ட் கடைக்காரர் ஒரே பிள்ளை. கொடுத்துவைத்தவர்.

மார்ச் 10
அந்த வரியை எடுத்துவிட்டால் பேச்சில் மிஞ்சுவது வணக்கமும் நன்றியும்தான்.

மார்ச் 12
மேடை ஏறினேன். முதல் வரிசையில் அக்கா, கைப்பையை மடியில் வைத்தபடி, எழுந்திருக்கத் தயாராக. ஓட்டுதான் முக்கியம் என்று முடிவு செய்துதான் வாயைத் திறந்தேன்.

"எங்க வீட்டுல சாப்பாடு... நாளைக்கு வரும்."

பாழாப்போன கடை நாக்கு. மண்டபமே குலுங்கிச் சிரித்தது. பெயிண்ட் கடைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அக்கா எழுந்து போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இதையேதான் சொல்வாள். இதே வார்த்தை. நான் கடைக்குப் போட்ட சட்டம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் —

மார்ச் 15
தோற்றேன். நன்றாகவே.

மார்ச் 19
புதுத் தலைவர் பெயிண்ட் வாசனையோடு கடைக்கு வந்தார்.

"அண்ணே, எனக்குப் பாராட்டு விழா வைக்கிறாங்க. அந்த 'சாப்பாடு நாளைக்கு வரும்' ஜோக்க நீங்க இன்னொரு தடவ சொல்லணும். எல்லாரும் ஆசைப்படறாங்க. உண்டுதானே?"

"இல்லை" என்றேன்.

கீல் எடுத்துக்கொண்டிருந்த புதுப் பெண் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.