பம்பாய்க்காரர் ஃபோனும் நம்ம பஸ் ஜனமும்

என் செல்லச் சண்டைக்காரி ஸ்டெல்லாவுக்கு,

ஜெயிச்சுட்டோம்டி! நம் கம்பெனியின் டெலிபோன் போர்டில் பேசி லைன் கொடுக்கிற வேலை இன்று முதல் என்னுடையது. மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடிதம் இதோ என் மடியில் இருக்கிறது. நீ இருந்திருந்தால் மன்னார்புரம் முனையில் நின்று ஊரையே கூட்டியிருப்பாய்.

"தமிழ் மீடியத்துல படிச்சவங்க டைப் அடிச்சா போதும், ஃபோன்ல பேச வேண்டாம்" என்று அவர் நம் இருவரையும் பார்த்துச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? அன்று நீ டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வந்த பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிய நீ, "இங்கிலீஷ் கத்துக்கலாம்டி" என்று ஒரு நோட்டை என் கையில் திணித்தாய்.

முதல் வாரம் அகராதி பார்த்தே மண்டை காய்ந்தது. 'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் விளங்காது. "அர்த்தம் எழுதாதேடி, ஆள் எழுது!" என்றாய். 'புட் ஆஃப்' என்றால் ஜாக்கெட்டை நாளை, நாளை என்று தள்ளிப்போட்ட உன் டெய்லர். 'ஃபெட் அப்', சில்லறை கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நம் கண்டக்டர். பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வைக்கிற மேனேஜர் 'ஹேங் அப்'. என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு வேண்டாமென்று நிறுத்தின கரூர்க்காரர் 'கால் ஆஃப்'. அதற்கு நீ சிரித்த சிரிப்பில் ஒரு நாள் முழுக்க உன்னோடு பேசவில்லை.

நம்பினவர்களைக் கைவிடுகிற 'லெட் டவுன்' மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. நீ மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோதும் கேட்டேன். "அதுக்கு ஆளே வேணாம்டி ரங்கா" என்றாய். அடுத்த வாரம் நீ இல்லை. பாதி நோட்டோடு போகிற ஆளா நீ? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போன மாதம் போர்டு பார்த்த பெண் கல்யாணமாகிப் போனாள். நானே போய்க் கேட்டேன். "ஒரு வாரம் பாருங்க. தடுமாறினா திரும்ப டைப்புதான்" என்றார் மேனேஜர்.

மூன்றாம் நாள் பம்பாயிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் வெடித்தார். ஹேங் அப் பண்ணாதே என்றார். ஃபெட் அப் ஆகிவிட்டேன், ஒரு மாதமாகப் புட் ஆஃப் செய்கிறீர்கள், ஆர்டரையே கால் ஆஃப் செய்யப்போகிறேன் என்று கத்தினார். அவர் கத்தக் கத்த மேனேஜர், கண்டக்டர், டெய்லர், அந்தக் கரூர்க்காரர் என்று நம் ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள்! ஒரு சொல் தப்பவில்லை, ஸ்டெல்லா.

"ப்ளீஸ் ஹோல்ட் ஆன், சார். வி வோன்ட் லெட் யூ டவுன்" என்றேன். மேனேஜருக்கு லைன் கொடுக்கும் முன்பே விஷயத்தைச் சொன்னேன். "சார், ஆர்டரை நிறுத்தப்போறாராம். சரக்கு என்னைக்குக் கிளம்பும்னு தேதி சொல்லிடுங்க."

ஆர்டர் தப்பியது. மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார். "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"பஸ்ல சார். நானும் ஸ்டெல்லாவும்."

நோட்டு இப்போது போர்டு பக்கத்திலேயே இருக்கிறது. 'லெட் டவுன்' எதிரே இன்னும் காலிதான். அங்கே என் பெயர் ஒருநாளும் ஏறாதுடி, சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
ரங்கநாயகி